ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றுதல்

பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது,
ஸ்டியரிங் இடப்பக்கம்.
இருபத்துநாலில் ஒரு பங்காய்ச் சுருங்கி
கடல் தாண்டி, காட்பாடி தாண்டி
கூரியரில் வந்த கார்.
ஆற்காடு ரோட்டில் இதை இறக்கினால்
முன்னால் போகும் பஸ்ஸை முந்த
எட்டிப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

அதனால் டேஷ்போர்டை அறுத்தேன்.

பகலெல்லாம் பல் செய்கிறவள் நான்.
கடைவாய்ப் பல், முன்பல், சில நாள் வாய் நிறைய.
டாக்டர் அனுப்பும் அச்சில் யார் வாய் என்று இருக்காது,
ஒரு நம்பரும் ‘ஏ டூ’ என்று ஒரு நிறமும்தான்.
லேப் மூடின பிறகு
அதே சின்ன ரம்பம், அதே பர்,
அதே பூதக்கண்ணாடி.

வேகமானியைப் பெயர்த்து வலப்பக்கம் வைத்தால்
இடப்பக்கம் பள்ளம்.
அடைக்கக் கைக்கு வந்தது ஈறு நிற அக்ரிலிக்.
குழைத்து வைத்தேன், இறுகியது.
ஒரு ராத்திரி முழுக்க
அந்தக் காருக்கு ஈறு இருந்தது.
தணிகைவேல் பார்த்துவிட்டு,
“சீக்கிரம் கறுப்படிங்கக்கா, கடிச்சிடப் போவுது.”

பெடல்களை நகர்த்தினேன்.
வைப்பரையும் திருப்பிப் போட்டேன்.
வைப்பர் எந்தப் பக்கம் சாய்கிறதென்று
யார் பார்ப்பார்கள் என்றால், மழை பார்க்கும்.
வேலூர்ல அதுவும் பாக்காது என்கிறான் தணிகை.

எஞ்சினுக்கு ஆறு பிளக்.
பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகு நூலைக் கறுப்பாக்கி
ஆறுக்கும் இழுத்தேன்,
தீப்பிடிக்கும் வரிசை தப்பாமல்.
பிறகு பானெட்டை ஒட்டிவிட்டேன்.
இந்த மாடலில் அது திறக்காது.

சீட்டுக்குத் தோல்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கும் மெஹருன்னிசா
உட்புறம் வைக்கிற ஆட்டுத்தோலில்
உள்ளங்கை அகலம் தந்தாள்.
இருப்பதிலேயே மெல்லிசு இதுதான் என்றாள்.
ஒட்டினால்
காருக்குள் யானை ஏறிப் படுத்த மாதிரி.
ஆட்டைச் சுருக்காமல்
தோலை மட்டும் எப்படிச் சுருக்குவது?
விரல் நிழல் மறுபக்கம் தெரியும் வரை சுரண்டினேன்.
இரண்டு துண்டு கிழிந்தது.
மூன்றாவதில் டிரைவர் சீட் ஆனது.
மற்ற சீட்டெல்லாம் வெறும் பெயிண்ட்,
யாரும் உட்காரப் போவதில்லை.

கத்திரி வெயிலில் ஸ்ப்ரே அடிப்பது
மாவு தூவுகிற மாதிரி.
துளி காரைத் தொடுமுன்பே காய்ந்து
சொரசொரவென்று உட்கார்கிறது.
இரண்டு தடவை உரித்தேன்.
மூன்றாம் தடவை விடிகாலை நாலரைக்கு,
சத்துவாச்சாரி மொட்டை மாடி,
எதிர் மலைப் பாறைகள் நேற்றைய சூட்டை
ஒருவழியாய் விட்டுத் தீர்த்திருந்தன.
மாம்பிஞ்சுப் பச்சை. படிந்தது.

அந்த வாரம்தான்
ஆர்.டி.ஓ. மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள்.
கம்பத்தை இடித்தேன்.
இரண்டாவது முறை.
கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
வீட்டுக்கு வந்து
பின்கண்ணாடியில் அரிசி அகலத்துக்கு
சிவப்பில் ஒரு ‘எல்’ எழுதினேன்.
ஒற்றை மயிர் பிரஷ், மூச்சைப் பிடித்துக்கொண்டு,
கை நடுங்கவேயில்லை.

கடைசியாக வார்னிஷ்.
தண்ணீர் நின்ற மாதிரி பளபளத்தது.
குனிந்து பார்க்கும்போதே
ஒரு கொசு வந்து பானெட்டில் இறங்கியது.
இடுக்கியால் எடுத்தேன்.
கொசு வந்தது, ஒரு கால் வரவில்லை.

கணக்குப் போட்டேன்.
இருபத்துநாலால் பெருக்கினால்
கிட்டத்தட்ட ஒரு சாண்.
ஒரு சாண் காலுள்ள ஏதோ ஒன்று
இந்த வண்டியில் அடிபட்டிருக்கிறது.

தேய்த்து மறுபடி அடிக்கலாம்,
தணிகை அதைத்தான் சொல்கிறான்.
நான் தேய்க்கவில்லை.
மேசை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்,
இப்போதுதான் யாரோ ஓட்டின வண்டி மாதிரி இருக்கிறது.

வியாழக்கிழமை மறுபடி டெஸ்ட்.
கம்பம் அதே கம்பம்தான்.